வெள்ளிக்கிழமைக் கேமரா

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துவிட்டால் வேளாங்கண்ணிக்கு மருமகள் அருள்மேரியைக் கண்டாலே ஆகாது. மற்ற நாட்களில் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான். தங்கச்சிமடத்தில் மாமியாரும் மருமகளும் இப்படி ஒட்டிக்கொண்டு கிடக்கிற வீடு வேறு இல்லை என்று வயிறெரிகிறவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் அந்த ஒட்டு விட்டுப்போகும். அன்றைக்குத்தான் பஹ்ரைனிலிருந்து எட்வர்ட் பேசுவான். மீன்பிடிப் படகில் கூலிக்குப் போனவன். பேசுவது பெற்ற மகன், ஆனால் பேச்சு முழுக்கக் கேமரா.

வீட்டுக்குள் டவர் கிடைக்காது. கிணற்றடியில், பூவரச மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் நின்றால் கிடைக்கும். அருள்மேரி அங்கே போய்ப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். வேளாங்கண்ணி பக்கத்தில் நின்று, துணி துவைக்கிற பெண்களிடம் நியாயம் கேட்பாள்.

“பெத்தவ ஒருத்தி இங்கன நிக்கிறேன். சாப்பிட்டியாலேன்னு ஒரு வார்த்த கேக்க விடுறாளா பாருங்க. மஞ்சளாம், செவப்பாம், மோட்டாராம். புருசன் பொஞ்சாதி பேசுற பேச்சா இது?”

அருள்மேரி அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு இருந்தது ஒரு காதுதான், அதிலும் எட்வர்ட் இருந்தான்.

“இப்ப கடையிலயா இருக்கீங்க?”

“கடையிலதான். மஞ்சக்காரனக் கையில வச்சிருக்கேன்.”

“எப்படி இருக்கு?”

“கைக்குள்ள அடங்குது மேரி. பிடிக்கிற எடத்துல ரப்பரு ஒட்டியிருக்கான், வேர்த்தாலும் வழுக்காது. கனம்னா, நீ அரைக்கிலோ நெத்திலிப் பொட்டலம் கட்டுவேல்ல, அம்புட்டு.”

“செவப்பு?”

“இரு, அத எடுக்கிறேன். இது கொஞ்சம் அகலம். பிடிச்சா சுண்டுவெரலு வெளிய தொங்குது.”

“என்னங்க, காத்துச் சத்தமா கேக்குது?”

“ஏசி போட்டிருக்கான் மேரி. வளகுடா ஏசி, நம்ம கச்சான் காத்து மாதிரி வீசுது.”

அதற்குள் வேளாங்கண்ணி போனைப் பிடுங்கிவிடுவாள். “ஏலே, சாப்பிட்டியா?” என்பாள். “சாப்பிட்டேம்மா” என்பான். “என்ன சாப்பிட்டே?” என்று கேட்கும்போது அவன் கார்டு தீர்ந்துபோகும். மகன் என்ன சாப்பிட்டான் என்பது வேளாங்கண்ணிக்குப் பல மாதங்களாகத் தெரியாது.

கேமரா ஆசை அருள்மேரிக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி, ஊர்த் திருவிழாவைக்கூட இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கவில்லை, அதற்குள் எட்வர்ட் விமானம் ஏறிவிட்டான். கடலில் பிடித்ததைவிட டீசலுக்குப் போனது அதிகம் என்றிருந்த காலம் அது. அவன் போன பிறகு வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க முடியாமல், பாம்பனில் நாகநாதன் ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போனாள். பாஸ்போர்ட் சைஸ் படத்தை வெட்டி கவரில் போடுவது, லேமினேஷன் போடுவது, கல்யாண ஆல்பத்துக்குப் படம் ஒட்டுவது. அதோடு அவள் கதை முடிந்திருக்கும். பாம்பன் சுலைகா வீட்டில் ஒரு கல்யாணம் வராமல் இருந்திருந்தால்.

சுலைகா வீட்டில் பெண்கள் பகுதிக்குள் ஆண் போட்டோகிராபர் போக முடியாது. அதற்கு முன்னால் எல்லாம் மணப்பெண்ணின் படம் என்று ஒன்று, வாசல்படியில் கூட்டிவந்து அவசரமாக எடுத்தது, அவ்வளவுதான் இருக்கும். அந்தத் தடவை நாகநாதன் தன் கேமராவை அருள்மேரி கழுத்தில் மாட்டி, “பச்சைக் கட்டத்துல வச்சிருக்கேன் தாயி, மத்ததக் கேமராவே பாத்துக்கிரும். பாத்து அமுக்கு. எதையும் திருகிறாத” என்று, கட்டிக்கொடுத்த மகளை அனுப்புகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே அனுப்பினார்.

உள்ளே போய் அந்தச் சின்ன ஓட்டையில் கண்ணை வைத்தாள். அத்தனை இரைச்சலும் தள்ளிப் போய்விட்டது. மணப்பெண்ணின் சித்தி யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டதை எடுத்தாள். மருதாணிக் கையால் பிரியாணி சாப்பிடத் தெரியாமல் முழித்த பெண்ணை, தோழி ஊட்டிவிட்டதை எடுத்தாள். படங்களைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுப் பெண்கள், “மாஷா அல்லா, நாங்கதானா இது?” என்று ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் பிடுங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு பாம்பன், மண்டபம், பனைக்குளம் என்று எந்த முஸ்லிம் வீட்டுக் கல்யாணமானாலும் அருள்மேரிதான் உள்ளே போனாள். கேமரா மட்டும் நாகநாதனுடையது. எடுத்து முடித்ததும் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கழற்றும்போது ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஏதோ போலிருக்கும்.

இப்போது நாகநாதன் பரமக்குடிக்குப் போகப்போகிறார். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மச்சினன் இடம் கொடுத்திருக்கிறான். சுலைகாவின் மகள் காலிதாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். “எம் புள்ளைக்கு நீதான்டி எடுக்கணும். இன்ஷா அல்லா, உன் சொந்தக் கேமராவுல எடு” என்று சுலைகா சொல்லிவிட்டாள். அன்றைக்கு அருள்மேரி போனில் எட்வர்ட்டிடம் கேட்டதுதான், கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவள் கேட்ட ஒரே பொருள். அவன் ஒரே மூச்சில் சொன்னான்: “தடைக்காலத்துல லீவுல வாரேன். என் கையாலயே கொண்டாந்து தாரேன்.”

எதை வாங்குவது என்பதில்தான் வினை. நாகநாதனைக் கேட்டால் அவர் வாயை மூடத் தெரியாத மனிதர்.

“மெகா பிக்சல்னு கடைக்காரன் மூச்சுக்கு முந்நூறு தடவ சொல்லுவான். காதுல வாங்காத. நாம என்ன பாம்பன் பாலத்துக்குத் துணி பேனரா அடிக்கப் போறோம்? ஆல்பத்துக்கு இருக்கிறதே போதும். மொதக் கேமராவக் கையில பிடிச்சுப் பாத்து வாங்கணும். பிடி சொகமில்லேன்னா வீட்டுலயே கெடக்கும். கைக்கு மஞ்சப் பட்டை போட்ட கம்பெனிதான் சொகம்.”

“அப்ப மஞ்சளே வாங்கிறலாமாண்ணே?”

“இரு தாயி, முழுசாக் கேளு. கூட வர்ற லென்ஸு வெளிச்சத்துக்குச் சரி. நீ போற எடம் பொம்பளைக அடைஞ்சு கெடக்கிற உள்வீடு. ஒத்த டியூப் லைட்டு எரியும். அதுக்கு ஐம்பதுன்னு ஒரு லென்ஸ தனியா வாங்கணும், அதுதான் இருட்டுல வேல செய்யும். மஞ்சள்ல நம்ம கைக்கு எட்டுற சின்னக் கேமராவுக்குள்ள மோட்டாரு கெடையாது. ஐம்பதப் போட்டா கையாலயே திருகித் திருகித் தெளிவு பாக்கணும். நீ திருகி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு மாப்ள வீட்டுக்குப் போயிரும். செவப்புப் பட்டைக்கு அந்தக் கவலை இல்ல, லென்சுக்குள்ளயே மோட்டாரு இருக்கு.”

“அப்ப செவப்பா?”

“கைக்கு மஞ்சள். கண்ணுக்குச் செவப்பு. நீதான் பாத்துக்கணும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

இதை எட்வர்ட்டிடம் சொன்னபோது அவன் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டான். “அடிச் சக்க. ஒண்ணு உள் எஞ்சின் இல்லாத போட்டு. இன்னொண்ணு வல்லத்துல வெளிய மாட்டுற எஞ்சின். லென்ச மாட்டுனா எஞ்சினும் சேந்து வந்துரும். அம்புட்டுத்தானே?”

“அம்புட்டுத்தான்” என்று அருள்மேரி சிரித்தாள். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேளாங்கண்ணிகூட அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இப்படியே வெள்ளிக்கிழமைகள் போயின. ஒரு வாரம் அவன் மஞ்சள் என்பான். மறுவாரம் இவள் சிவப்பு என்பாள். முடிவுக்கு வந்துவிட்ட வாரத்தில், “இன்னொரு தடவ போயிப் பாத்துட்டுச் சொல்றேன், அவசரப்படக் கூடாது” என்று அவனே கலைத்துவிடுவான். அருள்மேரிக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், முடிவாகிவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை எதைப் பேசுவது என்கிற பயமும் அவளுக்கு இருந்தது. சில மாதம் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பிரிந்தவர்களுக்குப் பேச என்ன இருக்கும்? பிள்ளை இல்லை, பழைய சண்டை இல்லை, கேலி செய்ய நினைவுகள்கூட அதிகமில்லை. கேமராதான் அவர்கள் சேர்ந்து நடத்திய குடும்பம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கேட்டாள். “செவப்புல பெருவெரலு அந்தப் பட்டனுக்கு எட்டுதா?”

“எனக்கு எட்டுது.”

“எனக்கு எட்டுமா?”

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது.

“மேரி, தப்பா நெனைக்காத. உன் கை எம்புட்டு இருக்கும்னு நெனச்சு நெனச்சுப் பாக்கிறேன். பிடிபட மாட்டேங்குது.”

அருள்மேரி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கோபமில்லை. அவளுக்கும் அவன் கழுத்துக்குப் பின்னால் இருந்த மச்சம் இடது பக்கமா வலது பக்கமா என்று சில நாட்களாகக் குழம்பிக்கொண்டுதான் இருந்தது. அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான், அவள் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் வலைக் கண்ணை யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. விரலை விட்டு அளப்பார்கள். இரண்டு விரல் கண், மூன்று விரல் கண் என்றுதான் பேச்சே. கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் உட்கார்ந்து கிழிந்த நண்டு வலையைப் பொத்தியது அவளுக்கு ஞாபகம் வந்தது.

“நண்டு வல பொத்தினோமே, நெனப்பிருக்கா? அந்தக் கண்ணுல உங்களுக்கு மூணு வெரல் நெறஞ்சு போச்சு. எனக்கு நாலும் உள்ள போயி, இன்னும் எடம் கெடந்துச்சு. இதென்ன கையா, கொடுவா மீனு செதிலான்னு கேட்டுச் சிரிச்சீங்க.”

“ஆமா, ஆமா மேரி” என்றான். குரல் மாறிவிட்டது. “சுண்டுவெரல்ல நண்டு கடிச்ச தழும்பு ஒண்ணு இருக்கும்ல?”

“எடக்கையில.”

“எடக்கையில. ஆமா. இங்க வல கெடக்கு, வெரல விட்டுப் பாத்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்.”

அவள் கையை விரித்துப் பார்த்தபடி வீட்டுக்கு நடந்தாள். வேளாங்கண்ணி பின்னாலேயே வந்து, “எங்கிட்டப் போனக் குடுக்காமலே வச்சுட்டியேடி” என்று கேட்டதற்கு, “மன்னிச்சுக்கங்க மாமி” என்றாள். மாமியார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பில் சூடை மீன் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம் வந்தது. படகுகளை எல்லாம் கரையில் ஏற்றிப் போட்டார்கள். கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து மணலை வாரி வீட்டுக்குள் இறைத்தது. சோற்றில் மணல், பாயில் மணல், தலையில் மணல். அருள்மேரி கேமராவுக்கு என்று ஒரு பிளாஸ்டிக் டப்பா வாங்கிவைத்தாள், மணல் போகாமல் இறுக்கி மூடக்கூடியது. வீட்டுக்குச் சுண்ணாம்பும் அடித்தாள். எட்வர்ட் வரவில்லை. “மொதலாளி அடுத்த மாசம்னு சொல்லிட்டாரு” என்றான். அடுத்த மாதமும் அப்படித்தான் சொன்னான். நாகநாதன் ஸ்டுடியோவைக் காலி செய்து கேமராவையும் சாமான்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் இருளாண்டி வந்தான். தேவிபட்டினத்துக்காரன், எட்வர்ட் வேலை செய்கிற அதே படகில் இருப்பவன், முறையாக லீவில் வந்திருந்தான். அத்தர் மணக்க, பெரிய பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தான். பையிலிருந்து சோப்பு, பால் பவுடர், புலி போட்ட கம்பளி எல்லாம் வந்தன. வேளாங்கண்ணிக்கு வாயெல்லாம் பல். கணவாய் வாங்கிவந்து மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தாள்.

“எம் மவன் அங்கன என்னப்பா சாப்பிடுறான்?” என்று, பல மாதக் கேள்வியை முதலில் கேட்டாள்.

“குபூஸ் ரொட்டியும் மீனுந்தான் ஆத்தா. அதெல்லாம் நல்லாச் சாப்பிடுறான். எங்க போட்டுல பெரிய தமாஷே அவந்தான்” என்று இருளாண்டி சாப்பிட்டுக்கொண்டே உற்சாகமாகச் சொன்னான். “மிதவைக்குப் போடுற தெர்மாகோல அறுத்துக் கேமரா செஞ்சு வச்சிருக்கான் தங்கச்சி. ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணுல மஞ்சக் கயிறு, ஒண்ணுல செவப்புக் கயிறு. வல அடியில கட்டுற ஈயக்குண்ட உள்ள சொருகி, வெளம்பரக் காகிதத்துல என்ன கனம் போட்டிருக்கோ அதுக்குச் சரி பண்ணி வச்சிருக்கான்னா பாருங்களேன்! வெள்ளிக்கிழமையானா அதக் கையில பிடிச்சுக்கிட்டுப் போட்டு முன்பக்கம் அணியத்துல போயி நின்னு உங்ககூடப் பேசுவான். எங்களப் படம் பிடிடான்னு நாங்கள்லாம் வரிசையா நிப்போம்.”

வேளாங்கண்ணி சிரித்தாள். அருள்மேரி சிரிக்கவில்லை.

“கடைக்குப் போயிப் பாக்கிறேன்னு சொன்னாரேண்ணே?”

இருளாண்டியின் கை தட்டில் நின்றது. “உங்களுக்குத் தெரியாதா?” என்றான். இனி மறைக்க முடியாது என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். எட்வர்ட்டைக் கூட்டிப்போன முதல் முதலாளி சம்பளம் தரவில்லை. அவன் அங்கிருந்து ஓடிவந்து இந்தப் படகில் ஏறிக்கொண்டான். பாஸ்போர்ட் பழையவனிடம் கிடக்கிறது. கையில் ஒரு தாளும் இல்லை. கரையேறினால் பிடித்துக்கொள்வார்கள்.

“நாங்க எல்லாம் எறங்கிப் போவோம். அவன் மட்டும் போட்டவிட்டு எறங்க மாட்டான் தங்கச்சி. அந்த வெளம்பரக் காகிதங்கூட நான் கடையில வாங்கிட்டுப் போயிக் குடுத்ததுதான்.”

“அய்யோ, அப்ப எம் புள்ள வரவே முடியாதா?” என்று வேளாங்கண்ணி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“வரலாம் ஆத்தா. தானாப் போயி நின்னா, கொஞ்ச நாளு உள்ள வச்சிருந்துட்டு அனுப்பிவிட்டுருவாங்க. திரும்ப அந்த நாட்டுக்குப் போக முடியாது, அம்புட்டுத்தான். எத்தனையோ பேரு அப்படி வந்துட்டாங்க. நானும் சொல்லிட்டேன். அவன் கேக்க மாட்டேங்குறான்.”

“ஏன்? வெறுங்கையோட வந்தா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?” என்றாள் அருள்மேரி.

இருளாண்டி அருள்மேரியைப் பார்க்காமல் சொன்னான். “அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, அதக்கூடக் கொண்டு போகாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முன்னாடி நிக்கன்னு கேக்கிறான்.”

அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது அருள்மேரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பொய் சொன்னதற்காக இல்லை. ஈயக்குண்டைக் கோத்துக் கோத்துக் கனம் பார்த்துக்கொண்டு நடுக்கடலில் நிற்கிறானே, அந்தக் கிறுக்குத்தனத்துக்காக. பிறகு அந்தக் கிறுக்கன் மேல் வந்த ஆசையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாயில் குப்புறப் படுத்து அழுதாள். வேளாங்கண்ணி அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பாம்பனுக்குப் போனாள்.

“லாத்தா, காலிதா நிக்காஹ்வுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க.”

சுலைகா திகைத்துப்போனாள். “என்னடி, கேமரா வருதுன்னியே? எவன எங்க வூட்டுக்குள்ள விடச் சொல்றே?”

“வரல லாத்தா. ராமநாதபுரத்துக்குப் போன் பண்ணி வாடகைக்கும் கேட்டுப் பாத்தேன். தெரியாத ஆளுக்குத் தர மாட்டாங்களாம்.”

 சுலைகா உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் இனிப்பு வட்டலப்பம் கொண்டுவந்து கொடுத்து, “படம் கெடக்குது. கல்யாணத்துக்கு வந்துரு” என்றாள். உள் அறையில் காலிதா ஜன்னலோரம் உட்கார்ந்து புது வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. அருள்மேரி தன்னை அறியாமல் ஒரு அடி இடது பக்கம் நகர்ந்து நின்றாள், அங்கிருந்துதான் அந்த முகம் முழுசாகத் தெரிந்தது. அந்தப் படத்தை எடுக்க முடியாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வேளாங்கண்ணியும் கிணற்றடிக்கு வந்தாள். யாரிடமும் நியாயம் கேட்காமல் நின்றாள். காலையில் மீன் அறுத்த ஈரம்கூடக் காயாத கையோடு அருள்மேரி போனை எடுத்தாள்.

“மேரி, இன்னைக்கு ரெண்டையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். ஒரேயடியா முடிவு பண்ணிரலாம்.”

“நான் ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லு.”

“கேமரா வாங்கிட்டேன்.”

போனில் காற்று இரைந்தது.

“இருக்கீங்களா? ராமநாதபுரத்துல வாங்கினேன். நாகநாதண்ணன் பரமக்குடியில இருந்து வந்து, கூட நின்னு பாத்து எடுத்துக் குடுத்தாரு. காலிதா கல்யாணத்துக்கு நேரமாயிருச்சு, அதான் உங்ககிட்டக் கேக்காமலே...”

“எது வாங்கினே?”

“செவப்பு.”

“ஐம்பது லென்ஸு?”

“அதுவுந்தான். மோட்டாரு நல்லா ஓடுது.”

“இப்பக் கையில வச்சிருக்கியா?”

அருள்மேரி தன் வலது கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. வேறு ஒன்றுமில்லை.

“வச்சிருக்கேன்.”

“எப்படி இருக்கு?”

“கனமாத்தான் இருக்கு. ஆனா தூக்கிக்கிரலாம்ங்க. ரப்பரு போட்ட பிடி, வழுக்கல.”

“பெருவெரலு எட்டுதா?”

“எட்டுது.”

வேளாங்கண்ணி மருமகளின் வெறுங்கையைப் பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பூவரச மரத்துப் பக்கம் திரும்பி நின்றாள்.

 கார்டு தீர்ந்துவிட்டதோ என்று அருள்மேரி பயந்தாள்.

“அப்ப நான் கொண்டாறதுக்கு ஒண்ணும் இல்லையே மேரி” என்றான்.

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப...” என்றான். தயங்கினான். வேறு யார் வீட்டு வாசலிலோ நின்று கேட்கிறவன் மாதிரி இருந்தது அவன் குரல். “அப்ப நான் சும்மா வரலாமா?”

“வாங்க” என்றாள் அருள்மேரி. அது அவளுக்கே கேட்கவில்லை. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கிற மாதிரி, மறுபடியும் சத்தமாகச் சொன்னாள்.